படுகளம் வரை நாலு நாள்

முதல் நாள், வியாழன்

காலை ஆறு மணிக்குக் கிளம்புவது என்று பேச்சு. தாம்பரத்தைத் தாண்டும்போது எட்டே கால். தாமதத்துக்குக் காரணம் ரெண்டு கோரைப் பாய். டிக்கியில் நீளவாக்கில் போகவில்லை. பின் சீட்டைச் சாய்த்தால் ஆள் உட்கார இடமில்லை. "அங்க போய் வாங்கிக்கலாம்மா" என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். அத்தை மசியவில்லை. "கூத்துக்குப் போறவ பாய் இல்லாம போய் நின்னா ஊரு சிரிக்கும்." கடைசியில் ரெண்டு பாயும் முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் குறுக்காக வந்தன. பெரியவள் அவற்றின் மேல் முழங்காலை வைத்துக்கொண்டு காஞ்சிபுரம் வரை யாரோடும் பேசவில்லை.

அத்தை என்பது என் மாமியார். அவர் பிறந்தது செய்யாறு பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். ஊர்ப் பெயரைப் போடாதே என்று அவருடைய தம்பி, அதாவது எங்கள் மாமா, கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "போட்டீன்னா அடுத்த வாட்டி கார் நிறுத்தவே எடம் இருக்காது." சரி, போடவில்லை. அங்கே திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. ஊர் ஒத்துப்போய், வீட்டுக்கு வீடு வரி வசூலாகி, ஆறு வருஷம் கழித்து இந்த வைகாசியில் பாரதம் வைத்திருக்கிறார்கள். பதினெட்டு நாள் பாரதப் பிரசங்கம், அதில் கடைசிப் பத்து ராத்திரி கூத்து, முடிவில் துரியோதனன் விழுகிற படுகளம், அப்புறம் தீமிதி. பத்தும் பார்க்க லீவு இல்லை. கடைசி மூன்று ராத்திரியாவது ஒரு காட்சி விடாமல் பார்ப்பது என்று முடிவு செய்து வந்திருக்கிறேன். பிளாஸ்க் இருக்கிறது, கொசுவத்தி இருக்கிறது. நான் பத்தரைக்கே கொட்டாவி விடுகிற ஆள் என்பதால், என் கணவர் நூறு ரூபாய் பந்தயம் கட்டியிருக்கிறார்.

காஞ்சிபுரம் தாண்டி, பாலாற்றுப் பாலமும் தாண்டி, தூசி என்கிற ஊருக்குப் பக்கத்தில் மாமண்டூர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினோம். சித்திரமேகத் தடாகம் என்று பழைய பெயர் கொண்ட பெரிய ஏரி அது. கரையை ஒட்டிய குன்றில் பல்லவர் காலத்துக் குடைவரைகள் இருக்கின்றன. வழுவழுப்பான தூண்கள், உள்ளே வௌவால் வாடை, வெளியே ஆடு மேய்க்கிற ஒரு பையன். அவ்வளவுதான் கூட்டம். அங்கே சிதைந்துபோன ஒரு வடமொழிக் கல்வெட்டில் மத்தவிலாசப் பிரகசனம் என்கிற பெயர் வருகிறது. மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய நாடகம் அது, 7-ஆம் நூற்றாண்டு. கதை காஞ்சியிலேயே நடக்கிறது. குடிவெறியில் இருக்கும் ஒரு காபாலிகன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டு, ஒரு புத்த பிட்சுதான் திருடினார் என்று சண்டைக்குப் போவான். கடைசியில் பார்த்தால் அதைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். சின்னவனுக்கு ராஜா, கல்வெட்டு எதுவும் ஏறவில்லை. நாய் மட்டும் ஏறியது. மீதி வழி முழுக்க ரோட்டில் தெரிந்த ஒவ்வொரு நாயின் வாயிலும் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தான்.

மதியம் ஊர் வந்து சேர்ந்தோம். அத்தை வீட்டுக்குள்கூடப் போகவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் பாயைத் தூக்கிக்கொண்டு நேராகக் கூத்து மேடைக்குப் போனார். மேடை என்று சொல்வது பழக்கதோஷம். கோயிலுக்கு எதிரே வெறும் தரை, மேலே கீற்றுப் பந்தல், பின்னால் பின்பாட்டுக்காரர்கள் உட்கார ஒரு பெஞ்சு. அப்போது மணி மூணு. கூத்து ராத்திரி பத்துக்கு. அதற்குள்ளேயே பத்துப் பதினைந்து பாய் விரித்து, மூலைக்கு மூலை செங்கல் வைத்திருந்தார்கள். அத்தை நின்று நிதானமாகப் பார்த்தார். முகவீணைக்காரர் பக்கம் வேண்டாம், காதைத் துளைக்கும். திரை பிடிக்கிற இடத்துக்கு நேர் எதிரும் வேண்டாம், குழந்தை பயந்துக்கும். கடைசியில் வேப்பமரத்தடிக்குச் சற்று இந்தப் பக்கம் இடம் பிடித்தார். "இங்கதான் எங்கம்மா போடும்" என்றார், செங்கல்லைக் காலால் தள்ளியபடி.

மைதானத்தின் ஓரத்தில் நாற்பது அடி உயரத்தில் ஒரு பனை, கிளையும் இல்லை, மட்டையும் இல்லை, உடம்பெல்லாம் படி அறைந்து நிற்கிறது. தபசு மரம். திங்கட்கிழமை ராத்திரி அர்ச்சுனன் தபசு நடந்ததாம். வேஷக்காரர் பாடிக்கொண்டே படிக்கு ஒரு விருத்தமாக ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் திருநீறும் கீழே போடுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரத்துணியோடு மரத்தைச் சுற்றிப் படுத்திருப்பார்கள். மூன்று நாளில் தவறவிட்டோம். செய்யாற்றுச் சிவன் கோயில் கதையும் பனையைப் பற்றியதுதான்: ஆண்பனை காய்க்கும்படி சம்பந்தர் பாடினார் என்பார்கள். இந்தப் பக்கத்தில் பிள்ளை வரத்தையும் பனையையும் பிரித்துப் பார்க்க முடியாது போல.

இதைப் பாயில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மணி பதினொன்றரை. இன்றைக்கு அபிமன்யு சண்டை. திரைக்குப் பின்னால் சலங்கை குலுங்குகிறது, திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது. சின்னவன் தூங்கிவிட்டான். எனக்குத் தூக்கமே இல்லை.

இரண்டாம் நாள், வெள்ளி (எழுதுவது சனி காலை)

நூறு ரூபாய் போய்விட்டது.

துரோணர் சக்கர வியூகம் வகுக்கிற இடம் நினைவிருக்கிறது. அபிமன்யு வேஷக்காரருக்கு இருபது வயதுகூட இருக்காது. தரையில் முழங்காலிட்டுச் சுழன்றபடி வட்டமடித்தார், புழுதி எழும்பியது, ட்யூப்லைட் வெளிச்சத்தில் அது பொன்னாகத் தெரிந்தது. "கண்ணை ஒரு நிமிஷம் மூடிக்கிறேன்" என்று நினைத்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது சுபத்திரையின் ஒப்பாரி. அபிமன்யு செத்து, சைந்தவன் பேரில் அர்ச்சுனன் சபதம் போட்டு, எல்லாம் முடிந்திருந்தது. கிழக்கே வெளுத்திருந்தது. சுற்றிலும் பாதி ஊர் என்னைப் போலவே போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி ஒப்பாரியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

வெட்கமாக இருந்தது. அத்தையிடம் சொன்னேன். அவர் தலையை முடிந்துகொண்டே, "அந்த சுபத்திரை அழறது உன்னை எழுப்பிச்சு இல்ல? அப்பத்தான் எழுந்திரிக்கணும்" என்றார். அவருடைய கணக்கு வேறு மாதிரி. ஒவ்வொரு கூத்திலும் எழுந்து பார்க்க வேண்டிய இடம் நாலைந்து உண்டாம். நடுவில் வரும் ராஜா மந்திரி பேச்சுக்கெல்லாம் தாராளமாகத் தூங்கலாம். தாளம் மாறினால் உடம்பு தானே விழித்துக்கொள்ளுமாம். "முழுசா முழிச்சிகினு பார்க்கிறவன் சொந்த ஊர்க்காரன் இல்ல. ஒண்ணு போலீஸு, இல்ல வெளியூரு."

மத்தியானம் கோயில் பந்தலில் பிரசங்கம். பிரசங்கியார் வில்லிபாரதத்திலிருந்து ஒரு விருத்தத்தை இழுத்துப் பாடுகிறார், பக்கத்தில் ஆர்மோனியம் அதைப் பிடித்துக்கொண்டே போகிறது. பிறகு அந்தப் பாட்டைப் பிரித்துப் பிரித்து, இன்றைக்கு மாட்டுச் சந்தையில் நடந்த சண்டை வரை கொண்டுவந்து நிறுத்துகிறார். வில்லிபுத்தூரார் பாடியது 4,300-க்கும் மேற்பட்ட பாட்டு. அவ்வளவையும் பதினெட்டு நாளில் பாட முடியாது, தேவையானதை எடுத்துக்கொள்கிறார். பகலில் கேட்ட கதைதான் ராத்திரி வேஷம் கட்டிக்கொண்டு வருகிறது. அதனால் தூங்கினாலும் கதை விட்டுப்போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துச் செப்பேட்டில், மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று தனிப் பங்கு ஒதுக்கியிருக்கிறது. அதுவும் 7-ஆம் நூற்றாண்டுதான். முந்தாநாள் பார்த்த குகைக்கும் இந்தப் பந்தலுக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி பிரசங்கம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்குகிறார் என்று நினைத்தேன். பிரசங்கியார் ஒரு பெயரை மாற்றிச் சொன்னதும் கண்ணைத் திறக்காமலே திருத்தினார்.

சாயங்காலம் பெரியவள் முதல் முறையாக வாயைத் திறந்தாள். "ஏம்மா, சுபத்திரை ஆம்பளை, உத்தரை ஆம்பளை. பொண்ணுங்களே ஆட மாட்டாங்களா?" நியாயமான கேள்வி. இந்த ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், எல்லாரும் ஆண்கள்தான். பெரும்பாலான ஜமாக்களில் அப்படித்தான். ஆனால் காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில், பெ. ராஜகோபாலும் ஹன்னா டி புரூயினும் சேர்ந்து நடத்திய குருகுலத்தில் 2002 முதல் 2020 வரை பெண் குழந்தைகளும் பள்ளிப் படிப்போடு கூத்துப் படித்தார்கள். அங்கே படித்த பெண்கள் துரியோதனன் வேஷமே கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னேன். "துரியோதனனா?" என்றாள். முகம் கொஞ்சம் தெளிந்தது.

அந்தக் குருகுலத்தை நடத்திய சங்கத்துக்காரர்கள் தெருக்கூத்து என்ற சொல்லையே ஒப்புவதில்லை, கட்டைக்கூத்து என்பார்கள். சாமி ஊர்வலத்தோடு தெருவில் ஆடிக்கொண்டே போவது வேறு, ஓரிடத்தில் கிரீடம், புஜம் என்று மரக் கட்டை அணிகளைக் கட்டி விடியவிடிய ஆடுவது வேறு என்பது அவர்கள் வாதம். இதே செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில், கண்ணப்ப தம்பிரான் பரம்பரையில் தெருக்கூத்து என்றுதான் சொல்கிறார்கள்; சென்னையில் 1977-இல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி கூத்தைக் கற்றுக்கொண்டதும் அவரிடம்தான். மாமாவைக் கேட்டேன். "நாங்க கூத்துன்னு சொல்லுவோம்" என்றார். வழக்கு முடிந்தது.

இப்போது நேற்று ராத்திரிக்கு வருகிறேன். கர்ண மோட்சம்.

ஒரு மணி இருக்கும். கர்ணன் போருக்குக் கிளம்புகிறான். மனைவி பொன்னுருவி அவன் பிறப்பைக் குத்திக்காட்டி மறிக்கிறாள். இது எழுந்து பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்று. அத்தை என் தொடையில் ஒரு தட்டுத் தட்டி எழுப்பியிருந்தார். தேரோட்டி பெற்ற பிள்ளை என்று அவள் பாட, இவர் பதிலுக்கு எடுத்த குரலில் பாய்களெல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து உட்கார்ந்தன. அந்த நேரத்தில் மழை. கோடை மழைதான், ஆனால் பெரிய துளி. மைக்செட்டுக்காரர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். ஜனங்களைவிட வேகமாக ஓடியவர்கள் வேஷக்காரர்கள். எல்லாரும் பக்கத்திலிருந்த பள்ளிக்கூட வராந்தாவுக்குப் போனோம். மெழுகுவத்தி ஏற்றினார்கள்.

கர்ணன் எங்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முதலில் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்து, துண்டால் ஒற்றி ஒற்றித் துடைத்தார். தன் முகத்தைத் துடைக்கவில்லை, கிரீடத்தைத்தான். ரோஸ் பூச்சு கன்னத்தில் கோடு கோடாக இறங்கியிருந்தது. கிட்டத்தில் பார்த்தால் அந்தக் கிரீடம் கல்யாண முருங்கை மரம். செதுக்கி, வண்ணக் காகிதம் ஒட்டி, சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் பதித்தது. நனைந்தால் ஒட்டு விட்டுவிடும். ஒரு இடத்தில் கண்ணாடி விழுந்து, அங்கே ஒரு சைக்கிள் ரிப்ளெக்டர் துண்டை வைத்து ஒட்டியிருந்தார்கள். புஜக்கட்டையை அவிழ்த்ததும் தோளில் கயிறு அழுத்திய தடம், பழைய தழும்பின் மேல் புதுத் தடம்.

சின்னவன் எப்போது விழித்தான் என்று தெரியாது. அவர் முகத்துக்கு நேரே போய் நின்றான்.

"நீங்க இன்னிக்குச் செத்துப் போயிடுவீங்களா?"

"சாவணும் தம்பி. விடியறதுக்குள்ள செத்தாவணும். மழை உடணுமே."

"செத்தப்புறம்?"

"அப்புறம் இன்னா, எட்டு மணிக்கு இட்லி."

வராந்தாவே சிரித்தது. கூத்தில் கோமாளியாக வருகிற கட்டியங்காரன் மூலையிலிருந்து, "எங்க அங்கராஜா எல்லாத்தையும் தானம் குடுப்பாரு, அந்த இட்லிய மட்டும் கேட்டுப் பாரு" என்று சேர்த்துக்கொண்டார். மனிதருக்கு வேலை நேரம், ஓய்வு நேரம் என்று கிடையாது போல.

கர்ணன் சொன்னார்: மாசியிலிருந்து ஆவணி வரைக்கும் ராத்திரி வேலை, மீதி மாதம் கட்டிட வேலைக்குப் போகிறார். அப்பாவும் வேஷம் கட்டியவர்தான். பன்னிரண்டு வயதில் பாலகிருஷ்ணனாகக் கட்ட ஆரம்பித்தாராம். பொன்னுருவி பக்கத்திலேயே, பீடி பிடிக்க முடியாத எரிச்சலோடு உட்கார்ந்திருந்தார். குழந்தைகள் இருக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பெரியவள் பொன்னுருவியின் சவுரியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். பார்த்தாள்.

முக்கால் மணி நேரம். மழை விட்டது. மைக் உயிர்பெறவில்லை. கூத்து வாத்தியார் ஆகாயத்தைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், "அப்படியே எடுங்கப்பா" என்றார். ஈரத்தரையில் மைக் இல்லாமல் கர்ணன் பாட, நாங்கள் எல்லாரும் பாயை இழுத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தோம். இந்த ஊர்க் கூத்தில் எனக்கு இருக்கும் ஒரே குறை மைக்தான். பந்தலில் தொங்கும் ரெண்டு மைக்குக்குக் கீழே வந்து நின்றால்தான் குரல் கேட்கும் என்பதால், ஆடுகிறவர்கள் கயிற்றில் கட்டின மாதிரி அங்கேயே சுற்றுகிறார்கள். நேற்று அந்தக் கயிறு அறுந்தது. கர்ணன் மைதானம் முழுக்கப் போனார். தபசு மரம் வரை போய்த் திரும்பினார். முகவீணை மட்டும் பின்னாலிருந்து துரத்திக்கொண்டே வந்தது. பிராமண வேஷத்தில் வந்த கிருஷ்ணனிடம் செய்த புண்ணியம் அத்தனையையும் தாரை வார்த்தபோது, அவர் எங்கள் பாயின் விளிம்பில் விழுந்து கிடந்தார். சின்னவன் காலை மடக்கி அவருக்கு இடம் விட்டான்.

அப்புறம் நான் தூங்கவில்லை. ஆனால் பந்தயப் பணம் திரும்பவில்லை.

மூன்றாம் நாள், சனி

பகல் முழுக்கத் தூங்கினோம். ஊரே தூங்கியது. பதினோரு மணிக்குத் தெருவில் ஒரு நாய் நடந்து போனது. அதன் வாயில் ஏதோ இருந்தது. பார்ப்பதற்குச் சின்னவன் விழித்திருக்கவில்லை.

நாலு மணிக்கு மாமா வந்து, "துரியோதனன் படுத்துட்டான், வந்து பாருங்க" என்றார். கோயிலுக்குப் பின்னால் தரிசு நிலத்தில், ஏரி வண்டல் மண்ணை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டி, ஏழெட்டுப் பேர் சேர்ந்து மல்லாக்கப் படுத்த ஒரு ராட்சச உருவத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். தலையிலிருந்து கால் வரை பெரியவள் நடந்து அளந்தாள்: 38 எட்டு. மூக்கு ஒரு வைக்கோல் போர் மாதிரி. ஒருவர் கண்ணுக்குள் இறங்கி நின்று சுண்ணாம்பு பூசினார். இன்னொருவர் மார்பின் மேல் உட்கார்ந்து டீ குடித்தார். மீசைக்குக் கரி. வலது தொடையில் ஒரு குழி பறித்து அதற்குள் பானை வைக்க இடம் விட்டார்கள். அந்தப் பானையைப் பற்றிக் கேட்டால் யாரும் பதில் சொல்லவில்லை, சிரித்தார்கள்.

அத்தை வெகுநேரம் தொடைப் பக்கமே நின்றார். "எங்க காலத்துல இன்னும் பெருசா செய்வாங்க." மாமா முகம் சுருங்கியது. "நீ அப்ப சின்னப் பொண்ணுக்கா. உனக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும்."

ராத்திரி பதினெட்டாம் போர். தம்பிமார் தொண்ணூற்றொன்பது பேரும் போய், கர்ணன் போய், துணைக்குக் கட்டியங்காரனை மட்டும் வைத்துக்கொண்டு துரியோதனன் புலம்புகிற கூத்து இது. சிவப்புப் பூச்சு, மற்ற யாருக்கும் இல்லாத பெரிய கிரீடம், இடுப்பைச் சுற்றி மடித்து மடித்துக் கட்டிய புடவைகள். கடைசி ராத்திரி என்பதால் அன்பளிப்பு அறிவிப்புக்கே ஒரு மணி நேரம் ஆனது. துரியோதனன் துயரத்தின் உச்சியில் நிற்கும்போது மைக்கில் "மேலத்தெரு மாமன் மச்சான்கள் சார்பாக ரூபாய் ஐந்நூறு" என்று வருகிறது. அவர் துயரத்தை அப்படியே நிறுத்தி, கும்பிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுகிறார். யாருக்கும் இது விநோதமாகப் படவில்லை. எனக்கும் மூன்றாம் நாளில் படவில்லை.

"நான் வந்துட்டேன்னு தூங்கறீங்களா, போயிடுவேன்னு முழிச்சிகினு இருக்கீங்களா?" என்று கட்டியங்காரன் பாய்களுக்கு நடுவே வந்து கேட்டார். எங்கள் பாயைத் தாண்டும்போது நான் சாய்ந்துகொண்டிருந்தேன். அத்தை விவரமாகச் சொல்லியிருந்தார்: துரியோதனன் தண்ணிக்குள்ளே போய் ஒளிகிற இடத்துக்கு எழுப்புகிறேன் என்று. போர்வையை இழுத்துக்கொண்டேன். தூரத்தில் சகாதேவன் சகுனியைக் கொல்கிற சத்தம், தோலக்கு, ஆர்மோனியம், யாரோ குழந்தையை அதட்டுகிற குரல். சொன்ன மாதிரியே எழுப்பினார். பார்த்தேன். மறுபடி தூங்கினேன்.

நான்காம் நாள், ஞாயிறு

விடியும்போது கூத்து முடியவில்லை, இடம் மாறியது. ஒளிந்திருந்த துரியோதனனும் தேடிவந்த வீமனும் பந்தலை விட்டு இறங்கி, ஊர் நடுவே நடந்து, மண் துரியோதனன் படுத்திருக்கும் இடத்துக்குப் போனார்கள். பாய்களைச் சுருட்டிக்கொண்டு ஊரும் பின்னால் போனது. ஏழரை மணி வெயில். ராத்திரி வெளிச்சத்தில் பார்த்த முகங்களைப் பகலில் பார்ப்பது ஒரு மாதிரி இருந்தது. சிவப்புப் பூச்சு வெடித்து, அதற்குள்ளிருந்து தாடி முளைத்திருந்தது. கண் ரெண்டும் அதைவிடச் சிவப்பு. பத்து ராத்திரி விழித்த கண்.

மண் உருவத்தைச் சுற்றி ரெண்டு பேரும் ஓடினார்கள். துரியோதனன் திடீரென்று கூட்டத்துக்குள் பாய, ஆயிரம் பேர் அலறிக்கொண்டு பின்வாங்கினோம். அவர் இடுப்புத் துணியைப் பின்னாலிருந்து ரெண்டு ஆட்கள் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். ஆவேசம் வந்தால் பிடிக்க. முதலில் அது வேஷத்தின் ஒரு பகுதி என்று நினைத்தேன். மூன்றாம் சுற்றில் அந்த ரெண்டு பேரின் முகத்தைப் பார்த்தபோதுதான் அவர்கள் உண்மையாகவே இழுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. சின்னவன் என் முதுகில் தொற்றிக்கொண்டான். மூன்று ராத்திரியும் முக்கால்வாசியைத் தூங்கியே தள்ளியவன், இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிருஷ்ணன் ஓரமாக நின்று தன் தொடையைத் தட்டிக் காட்டினார். வீமன் மண் தொடையின் மேல் ஏறினார். கதாயுதம் இறங்கியது. பானை உடைந்து செந்தண்ணீர் மண்ணில் பரவியது. வேஷக்காரத் துரியோதனன் அதே நொடி தன் மண் உடம்பின் காலடியில் சாய்ந்தார். ஒரு சத்தமும் இல்லை, கைத்தாளம்கூட நின்றது. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து குலவை.

அம்மனைப் பல்லக்கில் கொண்டுவந்தார்கள். பாஞ்சாலி வேஷக்காரர் விரித்த கூந்தலோடு வந்து, அந்தச் சிவப்பைத் தொட்டுத் தலையில் தடவ, பூ வைத்து முடிந்துவிட்டார்கள். அத்தை என் கையைப் பிடித்திருந்தார். அழுகிறார் என்று பார்த்தால், அழவில்லை. தன் கொண்டையை அவிழ்த்து இன்னொரு கையால் மறுபடி முடிந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் சுற்றிலும் நாலைந்து கிழவிகள் அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

அப்புறம் பெருந்திருவாள் வந்து புருஷன் மேல் விழுந்து ஒப்பாரி வைத்தாள். அது முடிவதற்குள் ஜனங்கள் உருவத்தின் மேல் பாய்ந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பிடி மண். நெல் குதிரில் போட்டால் குறையாது, நிலத்தில் போட்டால் விளையும் என்கிறார்கள். பத்து நிமிஷத்தில் மூக்கு காணோம். அத்தை தொடைப் பக்கம் போய், ஈரமாகச் சிவந்திருந்த இடத்திலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். எங்கள் அடுக்குமாடி வீட்டில் குதிருக்கு எங்கே போவது என்று என் கணவர் கேட்டார். "அரிசி டப்பா இருக்குதே" என்றார்.

சாயங்காலம் தீமிதி. காப்புக் கட்டிய ஆண்களும் பெண்களும் மஞ்சள் துணியில் வரிசையாக வந்து இறங்கினார்கள். மாமாவும் இறங்கினார். அவர் காப்புக் கட்டியிருப்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். பதினெட்டு நாளாக ஊர் எல்லை தாண்டாமல் இருந்திருக்கிறார், எங்களை அழைக்கக் காஞ்சிபுரம் வரை வரவில்லையே என்று நாங்கள் முதல் நாள் காரில் குறைபட்டுக்கொண்டோம். ஏழெட்டு எட்டில் தாண்டிப் போய்ப் பால் ஊற்றிய பள்ளத்தில் நின்று, எங்களைப் பார்த்து, "சாப்ட்டீங்களா?" என்றார்.

ஏழரைக்கு நாங்கள் காரில் பாயை ஏற்றிக்கொண்டிருந்தபோது, கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வேனில் ஜமா தன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. நாளைக்குத் தருமர் பட்டாபிஷேகத்தைப் பிரசங்கியாரே கோயிலில் நடத்திவிடுவார்; இவர்களுக்கு இங்கே வேலை முடிந்தது. கட்டைப் பெட்டியின் மேல், லுங்கியும் பனியனுமாக, காதோரம் இன்னும் சிவப்பு ஒட்டியிருக்க, துரியோதனன் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

சின்னவன் காரிலிருந்து இறங்கி ஓடினான். "எங்கே போறீங்க?"

"ஆரணி பக்கம் தம்பி. அங்க இன்னிக்கு மொத நாளு. வில் வளைப்பு."

"அப்படின்னா?"

"பாஞ்சாலி கல்யாணம்."

சின்னவன் கொஞ்சம் யோசித்தான். "நீங்க கல்யாணத்துக்குப் போவீங்களா?"

"போவாம? நானும் வில்லைத் தூக்கிப் பார்ப்பேன்." பழத்தோலை வெளியே எறிந்தார். "பத்து மணிக்குத் திரை. லேட்டாயிடுச்சு, ஏறுங்கப்பா."